சீட்டு நன்றாகக் கலைந்ததா?

சீட்டாட்டத்தில் விதிகளைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். கலைப்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பார்த்துப் பழகிக்கொள்வதுதான். இடது உள்ளங்கையில் கட்டை வைத்துக்கொண்டு, வலது கையால் கொத்துக் கொத்தாக உருவி மேலே போட்டுக்கொண்டே போவோம். நாலைந்து தடவை போட்டுவிட்டுப் பக்கத்திலிருப்பவரிடம் நீட்டினால் அவர் ஒரு வெட்டு வெட்டிக் கொடுப்பார். கட்டு உண்மையிலேயே கலைந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், “அதான் கலைச்சாச்சே” என்பார்கள்.

இதே வேலைதான் பாட்டுச் செயலியில் ‘ஷஃபிள்’ என்ற பெயரில், ஒன்றையொன்று தாண்டிப்போகும் இரண்டு அம்புக்குறிகளாக உட்கார்ந்திருக்கிறது. கணினியில் சீட்டாடினால் அங்கும் அதே சொல். ஆயிரம் கணினிகளில் தகவலைப் பிரித்துப் போட்டு வேலை வாங்கும் பொறியாளரும் “ஷஃபிள்தான் ரொம்ப நேரம் இழுக்குது” என்று புலம்புவார். செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிப்பவரும் தினமும் இந்தச் சொல்லைச் சொல்கிறார். இவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்வதாக நினைத்தால் ஏமாந்துபோவோம். ஒருவருடைய ஷஃபிள் இன்னொருவருக்கு உதவாது. சில சமயம் நேர் எதிராகவே இருக்கும்.

முதலில் சீட்டு. 52 சீட்டுகளை எத்தனை விதமாக அடுக்கலாம்? முதல் இடத்துக்கு எந்தச் சீட்டும் வரலாம், 52 வழி. அடுத்த இடத்துக்கு 51, அதற்கடுத்து 50. இப்படிக் கடைசிவரை பெருக்கிக்கொண்டே போனால் கிடைப்பது 68 இலக்க எண். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். அதை விநாடிக் கணக்கில் எழுதினாலே 18 இலக்கம்தான் வருகிறது. ஆகவே நன்றாகக் கலைத்த ஒரு கட்டு, இதற்கு முன் உலகத்தில் எந்த மேசையிலும் வந்திராத வரிசையில்தான் அநேகமாக இருக்கும். இத்தனை வரிசைகளில் எது வருவதற்கும் சம வாய்ப்பு இருந்தால்தான் கணிதக்காரர்கள் ‘கலைந்தது’ என்று ஒப்புக்கொள்வார்கள்.

நம் கை அந்த அளவை எட்டுகிறதா என்று கணக்குப் போட்டவர்களில் முக்கியமானவர் பெர்சி டயக்கோனிஸ். 14 வயதில் நியூயார்க்கில் வீட்டைவிட்டுக் கிளம்பி, டாய் வெர்னன் என்ற பெயர்பெற்ற சீட்டு வித்தைக்காரருடன் ஊர் ஊராகச் சுற்றியவர். பிறகு கணிதம் படித்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவரும் டேவ் பேயரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு, கட்டை ஏறக்குறையப் பாதியாகப் பிரித்து, இரு பாதிகளின் முனைகளையும் கட்டைவிரலால் வளைத்துவிட்டு, சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று விழச்செய்யும் முறையைப் பற்றியது. (நம் சினிமா வில்லன்கள் கலைப்பது இப்படித்தான்.) முழுக் கலைதலிலிருந்து கட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதற்கு 1 முதல் 0 வரை ஓர் அளவுகோல் வைத்தார்கள். நாலு முறை கலைத்தபின்னும் அளவு 1-ஐ விட்டு அசையவேயில்லை. ஐந்தாவது முறையில் 0.92, ஆறாவதில் 0.61, ஏழாவதில் 0.33. அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறையப் பாதியாகிறது. சரிவு தெளிவாகத் தெரிகிற இடம் ஏழு. சீட்டு கலைக்க ஏழு முறை என்று சொல்லும் வழக்கம் இங்கிருந்து வந்ததுதான்.

ஐந்து முறை ஏன் போதாது என்பதைக் கட்டு கையில் இருந்தால் நாமே சரிபார்க்கலாம். புதுக் கட்டில் சீட்டுகளுக்கு மேலிருந்து 1 முதல் 52 வரை எண் போட்டுக்கொள்வோம். நடுவில் பிரித்து ஒருமுறை பின்னவிட்டால் 1, 2, 3 என்று 26 வரை ஒரு சங்கிலியும், 27 முதல் 52 வரை இன்னொரு சங்கிலியும் கட்டுக்குள் ஒளிந்திருக்கும். இடையிடையே வேறு சீட்டுகள் வந்தாலும் 5-க்குக் கீழேதான் 6 இருக்கும், 30-க்குக் கீழேதான் 31 இருக்கும். இரண்டாம் முறை கலைத்தால் சங்கிலிகள் அதிகபட்சம் நாலாகும், மூன்றாம் முறை எட்டு, ஐந்தாம் முறை 32. கட்டு அப்படியே தலைகீழாக, 52 மேலேயும் 1 அடியிலுமாக அமைய வேண்டுமானால் 52 தனித்தனிச் சங்கிலிகள் வேண்டும். ஐந்து முறை கலைத்து அந்த வரிசைக்கு ஒருபோதும் போய்ச்சேர முடியாது. அதுபோலப் போகவே முடியாத வரிசைகள் எண்ணிலடங்காதவை.

இந்தச் சங்கிலி விஷயம் கணிதக்காரர்களுக்கு முன்பே வித்தைக்காரர்களுக்குத் தெரியும். கட்டைப் பார்வையாளர் கையில் கொடுத்து மூன்று முறை கலைக்கச் சொல்வார்கள். பிறகு மேல் சீட்டை எடுத்துப் பார்த்து, நடுவில் எங்காவது செருகச் சொல்வார்கள். கட்டு திரும்பி வந்ததும் வித்தைக்காரர் மனதுக்குள் சங்கிலிகளைப் பிரிப்பார். எட்டுச் சங்கிலி ஒழுங்காக வரும். ஒற்றைச் சீட்டு ஒன்று எதிலும் சேராமல் நிற்கும். அதுதான் நீங்கள் செருகியது. எண்ணத்தைப் படித்துவிட்டார் என்று நாம் கை தட்டுவோம். டயக்கோனிஸின் தேற்றத்துக்கு விதை இந்த மாதிரிப் பழைய வித்தைகளில்தான் இருந்தது.

நாம் வழக்கமாகச் செய்கிற, கொத்துக் கொத்தாக உருவிப் போடும் முறை? அதன் கதை பரிதாபம். ராபின் பெமன்டில் என்ற கணிதவியலாளர் 1989-இல் அதை ஆராய்ந்தார். 52 சீட்டு ஒழுங்காகக் கலைய ஆயிரக்கணக்கான முறை போட வேண்டும் என்ற கணக்கு வருகிறது. காரணம் எளிது: ஒரு கொத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்த சீட்டுகள் அப்படியே கைகோத்து இடம் மாறுகின்றன, பிரிவதேயில்லை. போன ஆட்டத்தில் ஒருவர் இறக்கிய ஆட்டின் 7, 8, 9 அடுத்த ஆட்டத்திலும் ஒன்றாக வந்து விழுவதை ராசி என்று சொல்லிக்கொள்கிறோம். சின்னப் பிள்ளைகள் பாயில் எல்லாச் சீட்டையும் பரப்பி இரண்டு கையாலும் தேய்த்துக் கலைப்பார்கள். அதைக் கேலி செய்ய வேண்டாம், நம்முடையதைவிட அது மேல்.

கைத்திறமை அதிகமானால் கலைதல் கூடும் என்றும் நினைக்க முடியாது. கட்டைச் சரியாக 26, 26 எனப் பிரித்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று எனப் பிசகாமல், மேல் சீட்டு மேலேயே இருக்கும்படி எட்டு முறை பின்னினால், கட்டு பழைய வரிசைக்கே திரும்பிவிடும். கை தடுமாறுவதால்தான் நமக்குச் சீட்டு கலைகிறது.

விளையாட்டு போகட்டும். 1969 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில், வியட்நாம் போருக்கு யாரை முதலில் அனுப்புவது என்று குலுக்கல் நடந்தது. 366 பிறந்த தேதிகளைச் சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் போட்டிருந்தார்கள். ஜனவரி முதல் மாதவாரியாகப் பெட்டியில் சேர்த்து, கொஞ்சம் கலக்கி, பின் ஒரு கண்ணாடி ஜாடியில் கொட்டினார்கள். முதலில் எடுத்த தேதிக்கு எண் 1. எண் குறைவாக இருந்தால் போர்முனைக்கு அழைப்பு சீக்கிரம் வரும். கலைதல் சரியாக இருந்திருந்தால் ஒவ்வொரு மாதத்தின் சராசரி எண்ணும் 183-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஜனவரிக்குச் சராசரி 201 வந்தது, டிசம்பருக்கு 121. கடைசியாகச் சேர்த்த மாதங்கள் சரிவரக் கலக்காமல் முன்னாலேயே கைக்குச் சிக்கிவிட்டன. டிசம்பரில் பிறந்த இளைஞர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு முறையை மாற்றி, புள்ளியியலாளர்களின் எண் அட்டவணைகளைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள்.

குலுக்கல் நமக்கும் புதிதல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டை, ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலைப் பெருமைக்காகத்தான் நாம் எப்போதும் எடுத்துப் பேசுகிறோம். கலைத்தல் என்ற கண்ணோடு படித்தால் வேறொன்று தெரிகிறது. முதலாம் பராந்தகன் காலத்து அந்த விதிகளின்படி, 30 குடும்புகளின் (ஊரின் பகுதிகளின்) ஓலைக் கட்டுகளையும் குடத்தில் இட்டு, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுக்க வேண்டும். அந்தக் கட்டின் ஓலைகளை வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்து, மறுபடி ஒன்றை எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரல் மடங்கினால் ஓலை மாறிவிடும் என்று பயந்திருக்கிறார்கள். சீட்டு வித்தை தெரிந்த ஒருவர் அந்தச் சபையில் இருந்திருப்பார் போலும்.

கணினிக்கு வருவோம். கணினிக்குக் கையும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்யும். அப்படியானால் கலைப்பதை அதற்கு எப்படிச் சொல்வது? விடை வயல்வெளியிலிருந்து வந்தது. எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆராய்ச்சியாளரின் விருப்புவெறுப்பு தீர்மானிக்கக் கூடாது என்று வலியுறுத்திய ரொனால்ட் ஃபிஷரும், ஃபிராங்க் யேட்ஸும் 1938-இல் புள்ளியியல் அட்டவணைப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் காகிதமும் பென்சிலும் கொண்டு ஒரு பட்டியலைக் கலைக்கும் வழியைச் சொல்லியிருந்தார்கள். 1964-இல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் அதைக் கணினிக்கு ஏற்றதாக்கினார். 52 இடங்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடு. அங்குள்ள சீட்டைக் கடைசிச் சீட்டோடு இடம் மாற்று. அந்தக் கடைசி இடத்தை இனித் தொடாதே. மிச்சமுள்ள 51-இல் ஒன்றைத் தேர்ந்தெடு, மாற்று. பிறகு 50. அவ்வளவுதான். இன்றைக்கும் பெரும்பாலான நிரல்மொழிகளில் ஷஃபிள் என்றால் உள்ளே ஓடுவது இதுதான்.

இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் எல்லோரும் தாமே எழுதிவிடுகிறார்கள், தப்பாக. வழக்கமான தப்பு, முடித்த இடத்தை ஒதுக்காமல் ஒவ்வொரு முறையும் எல்லா இடங்களிலிருந்தும் தேர்ந்தெடுப்பது. பார்ப்பதற்கு இன்னும் நன்றாகக் கலைப்பது போலவே தோன்றும். மூன்றே சீட்டை வைத்துப் பாருங்கள். மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று வழி. மொத்தம் 27 பாதைகள். மூன்று சீட்டுக்கு இருக்கும் வரிசைகளோ ஆறு. 27-ஐ ஆறால் சமமாகப் பங்கிட முடியாது. மூன்று வரிசைகளுக்கு ஐந்து ஐந்து பாதைகளும் மற்ற மூன்றுக்கு நாலு நாலும் போய்விடுகின்றன. ஃபிஷர், யேட்ஸ் வழியில் 3 × 2 × 1, ஆறே பாதைகள், ஆளுக்கொன்று.

1999-இல் பிளானட் போக்கர் என்ற இணையச் சூதாட்டத் தளத்துக்கு ஏஎஸ்எஃப் என்ற நிறுவனம் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தது. எங்கள் ஆட்டம் நேர்மையானது, நீங்களே பாருங்கள் என்று சீட்டு கலைக்கும் நிரலை அது வெளியிட்டது. கேரி மெக்ராவும் அவருடைய சகாக்களும் பார்த்தார்கள். மேலே சொன்ன வகைப் பங்கீட்டுத் தப்பு அதில் இருந்தது. கடைசிச் சீட்டைத் தேர்ந்தெடுக்கவே முடியாத ஓர் எண்ணிக்கைப் பிசகும் இருந்தது. அவையெல்லாம் சில்லறை. பெரிய ஓட்டை வேறு இடத்தில்.

கணினி குருட்டாம்போக்கில் எண் தருவதாகச் சொல்வது பெரும்பாலும் பாவனை. ஒரு தொடக்க எண்ணை விதையாக வாங்கிக்கொண்டு, அதிலிருந்து கணக்குப் போட்டு அடுத்தடுத்த எண்களைத் துப்பும். அதே விதையைக் கொடுத்தால் அதே எண்கள், அதே வரிசையில் வரும். அந்த மென்பொருளில் விதை 32 பிட் அளவு. அதாவது சுமார் 429 கோடி விதைகள்தான் சாத்தியம். 68 இலக்க வரிசைகளிலிருந்து 429 கோடிக்குச் சுருங்கிவிட்டது ஆட்டம். இஸ்பேட் சீட்டுகள் 13-ஐ மட்டும் தனியாக எடுத்து அடுக்கினாலே 622 கோடி வரிசைகள் உண்டு. அதற்குக்கூட இந்த விதைகள் போதாது. அதோடு விட்டார்களா? விதையை எங்கிருந்து எடுத்தார்கள் என்று பார்த்தால், நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிவிநாடி ஆயிற்று என்று கடிகாரத்தைக் கேட்டிருந்தார்கள். ஒரு நாளில் 8.64 கோடி மில்லிவிநாடிகள்தான். மெக்ரா குழுவினர் தளத்தின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தைச் சேர்த்துவைத்துப் பார்த்தபோது சந்தேகத்துக்குரிய விதைகள் சுமார் இரண்டு லட்சமாகக் குறைந்தன. தன் கையில் இரண்டு சீட்டு, மேசையில் திறந்த மூன்று சீட்டு. இந்த ஐந்தும் பொருந்தும் விதையைச் சாதாரணக் கணினியே தேடிப் பிடித்துவிட்டது. அதன்பின் எதிராளிகளின் கையில் என்ன, அடுத்துத் திறக்கப்போவது என்ன என்று எல்லாம் திரையில் வந்து நின்றன. அவர்கள் ஆடிச் சம்பாதிக்கவில்லை, கண்டதை வெளியிட்டார்கள்.

2010-இல் மைக்ரோசாஃப்ட் மாட்டிக்கொண்டது சற்று வேடிக்கையானது. எந்த உலாவி வேண்டும் என்று ஐரோப்பியப் பயனர்களைக் கேட்கும் ஒரு பக்கத்தை, ஐரோப்பிய ஆணையத்துக்கு உடன்பட்டு அது வைத்தது. முதல் ஐந்து உலாவிகள் எந்தச் சார்பும் இல்லாமல் கலைந்து வர வேண்டும். நிரல் எழுதியவர், வரிசைப்படுத்தும் கட்டளையை எடுத்து, இது முந்தியா அது முந்தியா என்று அது கேட்கும்போதெல்லாம் காசு சுண்டிப் பதில் சொல்லும்படி வைத்துவிட்டார். வரிசைப்படுத்தும் கட்டளை, கிடைக்கும் பதில்களை நம்பி நடப்பது. இன்று ஒன்றும் நாளை ஒன்றும் சொன்னால் கோணலாகத்தான் முடியும். ராப் வெயர் என்பவர் எண்ணிப் பார்த்தபோது, மைக்ரோசாஃப்டின் சொந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரே பாதி நேரம் கடைசி இடத்தில் நின்றது. உள்நோக்கம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கலைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பாட்டுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். அங்கே கலைதல் சரியாக இருந்ததுதான் புகாராயிற்று. எம்.எஸ்.வி., இளையராஜா, ரஹ்மான், யுவன், அனிருத் என ஐந்து பேருக்கும் பத்துப் பத்துப் பாட்டு வைத்து 50 பாட்டுப் பட்டியல் ஒன்று போட்டால், ஒழுங்காகக் கலைத்தபின் ஒரே இசையமைப்பாளரின் பாட்டுகள் சராசரியாக ஒன்பது இடங்களில் அடுத்தடுத்து வரும். கேட்பவருக்கு அது பொறுப்பதில்லை. “ஷஃபிள்னு போட்டா ராஜா பாட்டாவே வருதே” என்பார். தற்செயல் என்றால் பரவலாக இருக்கும் என்று மனித மனம் நினைத்துக்கொள்கிறது. தற்செயலோ கும்பல் கும்பலாகத்தான் வரும். ஆப்பிள் 2005-இல் ஐட்யூன்ஸில், அடுத்தடுத்து ஒரே கலைஞர் வருவதைக் குறைத்துக்கொள்ளும் வசதி ஒன்றைச் சேர்த்தது. ஸ்பாட்டிஃபையும் 2014-இல், ஒரு கலைஞரின் பாட்டுகளைப் பட்டியல் நெடுகிலும் இடைவெளிவிட்டுத் தூவுவதாக விளக்கமாகவே அறிவித்தது. அதாவது அந்தப் பொத்தான் அப்போது கலைக்கவில்லை; கலைத்த மாதிரி காட்டியது. பாட்டுக்கு அது சரிதான். அதே நியாயத்தில் ஒருவர் சீட்டுப் போட்டால் அது மோசடி.

பெருந்தகவல் பொறியாளரின் ஷஃபிள் இன்னும் தூரத்தில் இருக்கிறது. கூகுளின் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004-இல் ‘மேப்ரெட்யூஸ்’ முறையை வெளியிட்டார்கள். லட்சம் புத்தகங்களில் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். புத்தகங்களை ஆயிரம் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொன்றும் தன் பங்கை எண்ணும். பிறகு ‘மழை’யின் எண்ணிக்கைகள் எல்லாம் ஓரிடத்துக்கு வர வேண்டும், ‘வெயில்’ எல்லாம் இன்னோர் இடத்துக்கு. அப்படி இனம் பிரித்துச் சேர்க்க, எல்லாக் கணினிகளும் எல்லாக் கணினிகளுக்கும் தகவலை அனுப்பிக்கொள்ளும் கட்டத்துக்குத்தான் ஷஃபிள் என்று பெயர் நிலைத்துவிட்டது. சீட்டில் கலைப்பது என்போம். இங்கே நடப்பது ரம்மியில் சீட்டுச் சேர்ப்பது. வலைப்பின்னலை மூச்சுமுட்ட வைக்கும் கட்டமும் இதுதான், பொறியாளர் புலம்புவதில் அர்த்தம் இருக்கிறது. கணினிச் சில்லுகளுக்குள்ளும் ஷஃபிள் என்ற பெயரில் தனிக் கட்டளைகளே உண்டு. அவை எண்களைச் சொன்ன இடத்தில் சொன்னபடி மாற்றி வைப்பவை, தற்செயலின் வாடையே இல்லாதவை.

செயற்கை நுண்ணறிவுக்காரர்கள்தான் சீட்டாட்ட அர்த்தத்துக்குத் திரும்புகிறார்கள். பூனைப் படங்களை எல்லாம் முதலில் காட்டிவிட்டு நாய்ப் படங்களை அப்புறம் காட்டினால், எந்திரம் முதலில் கற்றதை இழந்துகொண்டே போகும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் முன் படங்களைக் கலைப்பார்கள். ஆனால் விதையைத் தாங்களே எழுதிவைத்துக்கொள்வார்கள். நாளைக்கு இன்னொருவர் அதே விதையைப் போட்டால் அதே கலைதல் வரும், சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கலாம். போக்கர் தளத்தைக் கவிழ்த்த குணம் இங்கே தேவைப்படுகிறது.

அந்தக் குணத்தைப் பொதுக் காரியத்துக்கும் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2017 முதல், தேர்தல் முடிந்தபின் எந்த வாக்குச்சீட்டுகளை எடுத்துச் சரிபார்ப்பது என்று கணினியில் குலுக்குகிறார்கள். விதையை மட்டும் கணினியிடம் விடுவதில்லை. பொதுமக்கள் முன்னிலையில் பத்து முகப் பகடைகளை உருட்டி, 20 இலக்க எண்ணை இலக்கம் இலக்கமாகப் பெறுகிறார்கள். நிரல் எல்லோருக்கும் தெரியும், பட்டியல் முன்பே முடிவானது. விதை வந்ததும் யார் வேண்டுமானாலும் தன் வீட்டுக் கணினியில் ஓட்டிப் பார்த்து அதே முடிவு வருகிறதா என்று சொல்லலாம்.

ஹஜ் பயணிகளைத் தேர்ந்தெடுப்பது உட்பட நம் நாட்டிலும் கணினிக் குலுக்கல் வந்துவிட்டது. இனிப் பள்ளிச் சேர்க்கைக்கோ வீட்டு ஒதுக்கீட்டுக்கோ ‘கணினி மூலம் தேர்வு’ என்று அறிவிப்பு ஒட்டினால், விண்ணப்பித்தவர்கள் கேட்க வேண்டியவை மூன்று: எந்த நிரல், எந்தப் பட்டியல், விதை எங்கிருந்து வந்தது. முதல் இரண்டையும் முதல்நாளே வெளியிட்டு, மூன்றாவதைச் சபையில் பகடை உருட்டி எடுப்பதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை.